எங்க சட்டிக்கு எப்ப வருவீங்க?

தோழர்களே,

'உங்க வீட்ல பண்டிகைக்கு என்ன ஸ்பெஷல்?'

இதைவிட அப்பாவியான கேள்வி உலகத்தில் உண்டா என்றுதான் தோன்றும். கேட்கிறவர் சிரித்த முகத்தோடு கேட்கிறார். கையில் டிபன் கேரியர். பக்கத்தில் நாலு பேர். பதில் சொல்லுகிறவர் தன் வீட்டு அடுப்பை, அம்மாவின் கைப்பக்குவத்தை, சின்ன வயசு ஆசைகளை எல்லாம் நினைத்துக்கொண்டு வாய் நிறையப் பேச வேண்டிய கேள்வி. ஆனால் இந்த நாட்டில் சாதிச் சான்றிதழைப் பார்க்காமலே ஒருவருடைய சாதியைத் தெரிந்துகொள்ளப் பல வழிகள் இருக்கின்றன. ஊர் எது என்று கேட்பது ஒன்று. ஊர் தெரிந்ததும் தெரு எது என்று கேட்பது இன்னொன்று. குலதெய்வம் எது என்பது அடுத்தது. தட்டிக் கொடுக்கிற சாக்கில் முதுகைத் தடவிப் பூணூல் தேடுவது ரொம்பப் பழைய வழி. இவை எல்லாவற்றையும்விட நாசூக்கான வழி, சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். எந்த ஊர், எந்தத் துறை என்பதை விட்டுவிடுவோம். எல்லா ஊரிலும் எல்லாத் துறையிலும் இதுதான் கதை. தை பிறப்பதற்கு முந்தின வேலை நாளில் 'சமத்துவப் பொங்கல்' வைக்கிறோம். வாசலில் கோலம், மூணு கல் அடுப்பு, புதுப்பானை, மஞ்சள் கொத்து, சாய்த்து வைத்த கரும்பு. ஆண்கள் வேட்டி, பெண்கள் பட்டு. பானை பொங்கும்போது அதிகாரி முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் சேர்ந்து 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகிறோம். பிறகு பந்தி. பந்தியில்தான் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர் சொதியைப் பற்றிச் சொன்னார். தேங்காயில் மூணு பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டுக் கொதிக்கவிட்டு, இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டுமாம். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா திருவாதிரைக் களியையும் ஏழுகறிக் கூட்டையும் எடுத்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒப்புட்டு. காரைக்குடிக்காரர் கவுனரிசியும் கந்தரப்பமும். நாகர்கோவில் கிறிஸ்தவத் தோழி, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து பிடிக்க வீட்டில் எத்தனை கை வேண்டும் என்று கணக்குச் சொன்னார். இஸ்லாமியத் தோழர் நோன்புக் கஞ்சியில் தொடங்கி பக்ரீத்துக்கு வந்தார். குர்பானிக் கறியை மூணு பங்காக்கி, ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கு, ஒரு பங்கு வீட்டுக்கு என்றார். கேட்கக் கேட்க எச்சில் ஊறியது. இதில் எதன்மீதும் எனக்குக் கோபமில்லை. ஒரு சனம் தன் சோற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது அழகுதான்.

அடுத்து, புதிதாக வேலைக்கு வந்த தங்கை ஒருத்தியின் முறை. தேர்வாணையத் தேர்வு எழுதி, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக அரசு நாற்காலியில் உட்கார்ந்தவள். "எங்க வீட்லயும் எல்லார் வீட்லயும் செய்ற மாதிரிதான் சார். பொங்கல், வடை, சாம்பார்." அவ்வளவுதான். மற்றவர்கள் பத்து நிமிஷம் பேசிய விஷயம் அவளுக்கு மட்டும் ஒரே வரியில் தீர்ந்துபோனது. ஒருவர் விடவில்லை. "நான்வெஜ் உண்டுல்ல?" "உண்டு சார்." "சிக்கன், மட்டன்தானே?" "ஆமா சார்."

தோழர்களே, இந்தத் 'தானே' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 'சிக்கன், மட்டனா?' என்று கேட்டிருந்தால் அது கேள்வி. 'தானே' வந்துவிட்டால் அது கேள்வி இல்லை, வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் நீ எங்களில் ஒருத்தி, அந்தப் பக்கம் கால் வைத்தால் நீ யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று அந்தச் சொல் எச்சரிக்கிறது. அவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நாளைக்கு அதே மேசையில் உட்கார்ந்து கோப்பு நகர்த்த வேண்டியவள். வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தவள். வாய் தவறி ஒரு சொல் விழுந்தால், வீடு பார்த்துத் தருகிறேன் என்றவர்களே மறந்துபோவார்கள்.

என் முறை வந்தது. நான் எங்கள் வீட்டு உப்புக்கண்டத்தைப் பற்றிச் சொன்னேன். மாட்டுக்கறியை விரல் நீளத்துக்கு வார் வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் பிசறி, சணலில் கோத்து, கொடியில் கட்டி, காக்காய் கொத்தாமல் காவல் இருந்து, சுருங்கிக் கறுக்கும்வரை வெயிலில் காயப்போடுவதைச் சொன்னேன். கரிநாளுக்கு என் பாட்டி அதைத் தணலில் சுட்டு, அம்மியில் நைத்து, மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பில் சேர்ப்பதைச் சொன்னேன். அந்த வாசனை தெரு முனைக்கு வருமென்றும் சொன்னேன். பந்தியில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர், "நல்ல நாளும் அதுவுமா ஏன் சார்..." என்று இழுத்தார். பக்ரீத் தோழர் மட்டும் தலையை ஆட்டிச் சிரித்தார். சாயங்காலம் படிக்கட்டில் அந்தத் தங்கை என்னோடு இறங்கினாள். அலுவலகத்துக்குள் என்னை 'சார்' என்கிறவள் அப்போது வேறு மாதிரிக் கூப்பிட்டாள். "அண்ணே, எங்க அம்மாயி செய்றதும் அதேதான். அதுல கொஞ்சம் புளி ஊத்தும். சொல்ல வாய் வரல."

இந்த 'வாய் வரல' என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் பொருள்.

நல்ல சம்பளம், படிப்பு, நாற்காலி எல்லாம் வந்த பிறகும் ஒரு மனுஷி தன் அம்மாயியின் குழம்பைச் சொல்லக் கூச வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கூச்சத்தை அவள் வாயில் வைத்துத் தைத்தது யார்? நேரடியாக யாரும் அவளை மிரட்டவில்லை. யாரும் திட்டவில்லை. சாதி இப்போது நகரத்து அலுவலகங்களில் அப்படியெல்லாம் முரட்டுத்தனமாக வருவதில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூக்கைச் சுளிப்பதாக வரும். 'நாங்க ப்யூர் வெஜ், தப்பா நெனைக்காதீங்க' என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வதாக வரும்.

தீபாவளிக்குப் பலகாரம் பரிமாறிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். நம் ஆட்கள் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியைக் கொடுத்தால் நிமிஷத்தில் காலியாகும். அதே ஆள் வீட்டில் சுட்ட அதிரசத்தையும் முறுக்கையும் தூக்கில் கொண்டுவந்தால், "வயிறு சரியில்ல", "சுகர் இருக்கு", "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று ஆளுக்கொரு காரணம் வரும். மாலையில் தூக்கு பாதி நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். கடைப் பலகாரத்துக்குச் சாதி கிடையாது, ஏனென்றால் அதைச் சுட்ட கை தெரியாது. வீட்டுப் பலகாரத்துக்கு உண்டு. கை தெரிகிற இடத்தில் தீண்டாமை விழித்துக்கொள்கிறது.

பந்தி முடிந்த பிறகு நடப்பது இன்னொன்று. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியதும் மிஞ்சியதை வழித்து, வளாகம் கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தாம்மா, புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போ" என்று கொடுக்கிறார்கள். காலையிலிருந்து அதே வாசலில்தான் அந்த அம்மா நிற்கிறார். கோலம் போடத் தரையைக் கழுவிக் கொடுத்தவர் அவர். பந்தியில் உட்காரச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சமத்துவப் பொங்கலில் சமத்துவம் வழித்தெடுத்த பாத்திரத்தில் போய் நிற்கிறது. ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதிய தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்று பெயர் வைத்தார். எச்சில் என்று பொருள். அது 1997-இல் வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1992-இல், நம் பாமாவின் 'கருக்கு' வந்துவிட்டது. பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டு மிஞ்சிய சோற்றை வாங்கி வருவதை அதில் நாம் படித்தோம். வடைப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போன பெரியவரைப் படித்தோம். இந்தப் புத்தகங்களைப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்தாகிவிட்டது. பாத்திரம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பந்தி என்பது இந்த நாட்டில் எப்போதும் அரசியல்தான். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது 1924-25-இல் தமிழகத்தையே கலக்கியது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அது. தேசத்துக்கு விடுதலை வேண்டும் என்றவர்களால் ஒரே வரிசையில் இலை போட முடியவில்லை. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கேள்வி கேட்டார்கள். ராஜஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் பதிவு செய்திருக்கிறார். தீர்த்த யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சனத்துக்கு விருந்து வைத்தார். பலகாரங்களில் நெய் சேர்த்தார். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடியோடு வந்து சோற்றை நாசம் செய்து, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அவர்கள் வீட்டு நெய்யைத் திருடவில்லை. தன் காசில், தன் வீட்டில், தன் ஆட்களுக்குப் போட்ட நெய். கீழே இருப்பவன் நல்லதைத் தின்றாலும் குற்றம், கெட்டதைத் தின்றாலும் கேவலம். நெய் தின்றபோது அடித்தார்கள். மாடு தின்றால் முகம் சுளிக்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை நெய்யிலும் இல்லை, மாட்டிலும் இல்லை. தின்கிற வாயில்தான் அவர்களுக்குப் பிரச்சினை.

சேர்ந்து சாப்பிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நம்புகிற நல்ல மனசுக்காரர்கள் உண்டு. அதே 1936-ஆம் ஆண்டு உரையில் அம்பேத்கர், சமபந்தி மட்டும் சாதியைக் கொல்லாது என்று தெளிவாக்கிவிட்டார். சேர்ந்து உண்ணுகிற சாதிகள் பல இருந்தும் அவற்றுக்கிடையே சாதி சாகவில்லை என்பது அவர் காட்டிய உண்மை. இங்கே நான் அதோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-ஆம் தேதியும் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. மந்திரிகள், அதிகாரிகள், பொதுமக்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலையில் விழுவது என்ன? சாம்பார், வடை, பாயசம். அலுவலகத்துச் சமத்துவப் பொங்கலிலும் அதுவேதான். அவர்கள் இலையில் உட்கார நமக்கு அனுமதி கிடைத்தது. நாமும் உட்கார்ந்தோம். நம் சட்டியில் வெந்ததை அவர்கள் இலையில் வாங்கியது எப்போது? ஒரு பக்கமாகவே நடக்கிற பயணத்துக்கு விருந்து என்று பெயர் வைக்கலாம். சமத்துவம் என்று வைக்க முடியாது.

நம் சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பங்குக்கறியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சேரியில் பண்டிகைக்கு முந்தின நாள் விடியற்காலையில் கறி போடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று பணம் சேர்த்து சந்தையில் ஒரு மாடு பிடித்து வந்திருப்பார்கள். அறுத்து முடித்ததும் பனையோலைப் பாய்மேல் கூறு வைப்பார்கள். அந்தக் கூறு வைப்பதைச் சும்மா ஏதோ கறிக்கடை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கூறிலும் ஈரலில் ஒரு துண்டு இருக்க வேண்டும். குடலில் ஒரு முழம், எலும்பு நாலு, கொழுப்பு கொஞ்சம், தொடைக்கறி இவ்வளவு என்று எல்லாக் கூறிலும் எல்லாமும் விழ வேண்டும். நெஞ்செலும்பு எனக்கு, ஈரல் எனக்கு என்று நாட்டாமைக்காரரும் கேட்க முடியாது. கூறு வைத்தவரே கடைசியாகத்தான் தன் கூறை எடுக்க வேண்டும். அப்போதுதான் தராசு இல்லாமலே கூறு சமமாக இருக்கும். பணம் கட்ட முடியாத தாலியறுத்தவள் வீட்டுக்கும் ஒரு கூறு போகும். "அறுப்பு முடிஞ்சு குடு ஆத்தா" என்பதுதான் கணக்கு.

சமத்துவத்தைப் பற்றி ஆயிரம் பேச்சுக் கேட்டிருக்கிறேன். ஓலைப்பாய்மேல் அந்தக் கூறுகள் வரிசையாக இருந்ததைப் போல ஒரு விளக்கத்தை எந்த மேடையிலும் கேட்டதில்லை. அலுவலகப் பந்தியில் ஒருத்தி பெருமையாகச் சொல்லவேண்டிய பாரம்பரியம் இது. குர்பானிக் கறி மூணு பங்காவதைக் கேட்டு நல்ல பழக்கம் என்று தலையாட்டியவர்கள், நம் கூறுக்கறியைக் கேட்டால் காதைப் பொத்துவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அரிசிச் சோறே நமக்குப் பண்டிகைச் சாப்பாடாக இருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. வருஷம் முழுக்கக் கேப்பைக் கூழும் கம்பங்களியும் குடித்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு, தீபாவளிக்கு மட்டும்தான் இட்லி என்று இருந்த வீடுகள் நம்முடையவை. நாற்று நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது, களத்தில் அடித்தது எல்லாம் நாம். கரும்பு வெட்டியது, மஞ்சள் கிழங்கு தோண்டியது நாம். பொங்கல் பானைக்குள் இருக்கிற ஒவ்வொன்றிலும் நம் கை பட்டிருக்கிறது. அந்த அரிசி மூட்டைக்குள் போய் கடைக்கு வந்துவிட்டால் தீட்டில்லை. அதே கை சோறாக்கிப் போட்டால் தீட்டு. கீழத்தஞ்சையில் அதே நெல்லில் கூலியாகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாகத் திரண்டார்கள். கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அது நடந்த நாள் 1968 டிசம்பர் 25. ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் விருந்து நடந்த ராத்திரி. நமக்குப் பண்டிகைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது வெறும் சமையல் குறிப்பாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார். நியாயமான கேள்விதான். "அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே, நீங்க என்ன அதைப் பெருமை பேசறீங்க?" கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1927-இல் மகத் மாநாட்டில் அவர் நம் மக்களிடம் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை, வீசியெறிந்த எச்சில் சோற்றை. செத்த மாட்டைத் தூக்குவது ஊர் நம்மேல் சுமத்திய அடிமை வேலை. தூக்கியதற்குக் கூலி தராமல் அந்தச் சவத்தையே கூலியாக்கினார்கள். அதைத் தின்னவைத்தார்கள். தின்றதையே காரணம் காட்டித் தள்ளியும் வைத்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டவன், அது செத்த மறுநாள் நம் தெருப்பக்கம் வந்து 'ஏலேய்' என்று கூப்பிட்டான். அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் அவர் சொன்னார். நம் தாத்தாக்கள் பல ஊர்களில் செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நின்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள்.

காசு கொடுத்துச் சந்தையில் மாடு வாங்கி, பங்கு போட்டுத் தின்பது வேறு. அது திணிக்கப்பட்டதில்லை, தேர்ந்தெடுத்தது. அதே அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலில், மாட்டிறைச்சி தின்பது எப்படித் தீண்டாமையின் வேராக ஆக்கப்பட்டது என்பதை வாதமாக வைத்தார். ஒரு காலத்தில் பார்ப்பனர்களும் மாடு தின்றவர்களே என்றும், பௌத்தத்தோடு நடந்த போட்டியில்தான் அவர்கள் அதை விட்டார்கள் என்றும் அவர் எழுதினார். அப்படியென்றால் தட்டில் இருப்பதில் புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தட்டு புனிதத் தட்டு ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். நம் வீடுகளில் மாட்டுக்கறி தின்னாதவர்களும் நிறைய உண்டு. பௌத்தம் தழுவி எல்லாக் கறியையும் விட்டவர்கள் உண்டு. அவர்கள் எந்த வகையிலும் குறைந்த தலித்துகள் இல்லை. தின்பதும் தின்னாததும் அவரவர் நாக்கும் மனசும். சொல்ல முடியாமல் வாய் அடைபடுவதுதான் நம் சண்டை.

நம்மை நாமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பறையர் தெருவில் நின்றுகொண்டு அருந்ததியர் தெருவின் பன்றிக்கறியைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிற குரல் நமக்குள்ளேயே இருக்கிறது. எலிக்கறி, நத்தை, ஈசல் என்று சொன்னால் நம் ஆட்களே சிரிக்கிறார்கள். வயலில் எலி பிடித்தவன் பயிரையும் காப்பாற்றினான், பசியையும் ஆற்றினான். அவனைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? மேலே இருந்து வாங்கிய மூக்கை வைத்துக் கீழே மோப்பம் பிடிக்கிறோம். அப்புறம் பெண்கள். கூறு சமமாக வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்குள் வந்த பிறகு ஈரலும் நல்லியும் ஆம்பிளை தட்டுக்கும், குழம்பும் எலும்பும் அம்மா தட்டுக்கும் போகின்றன. அடுப்பில் வெந்தவள் கடைசியில் சட்டியை வழித்துத் தின்கிறாள். ஓலைப்பாயில் இருந்த சமத்துவம் வாசற்படியில் செத்துப்போகிறது. இதைச் சொல்லாமல் பங்குக்கறியைப் பெருமை பேசினால் அது பாதி உண்மைதான்.

அலுவலக மேசையில் நடப்பதை அரசு மேடையிலும் பார்த்தோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. தோல் தொழிலும் அதை நம்பி வாழ்கிற தலித், இஸ்லாமியத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் அது. மாட்டுக்கறி பிரியாணி அங்கே உழைக்கிற சனத்தின் மதியச் சாப்பாடு. திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்ட பிறகுதான் அந்தக் கடை வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், சத்துணவு சமைக்க வந்தவர் தலித் பெண் என்பதற்காக அவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் நின்றார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள். போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அங்கே மாட்டுக்கறி வேகவில்லை. வெந்தது சோறும் சாம்பாரும். நாம் அவர்கள் சாப்பாட்டைச் சமைத்தாலும் ஆகாது என்கிறபோது, 'நீங்க அதைத் தின்னாம இருந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல' என்பது எவ்வளவு பெரிய பொய்! அதே 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று ஒட்டியிருந்த அறிவிப்பு வெளியில் வந்து நாறியது. படித்தவர்களின் இரட்டைக் குவளை அப்படித்தான் இருக்கும். படிக்காதவர்களின் இரட்டைக் குவளையை 2022 டிசம்பரில் வேங்கைவயல் விசாரணைக்குப் போன ஆட்சியர் அங்கிருந்த டீக்கடையிலேயே நேரில் பார்த்தார்.

சைவம்தான் நம் பண்பாடு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியத் தலைமைப் பதிவாளரின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் அசைவம் தின்கிறவர்கள். நாடு முழுவதும் எடுத்தாலும் 100-க்கு 70 பேருக்கு மேல். அப்படியும் நம் அலுவலகப் பந்தியில், அரசு விருந்தில், கல்யாண மண்டபத்தில் மூணு பேருடைய மூக்குக்குப் பயந்து 97 பேருடைய நாக்கு கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்த 97 பேரும் தங்களுக்குள் கோழி, ஆடு வரை மேல், மாடு, பன்றி கீழ் என்று இன்னொரு படி கட்டி வைத்திருக்கிறார்கள். படிக்குப் படி சாதி என்பது இதுதான்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதையும் நான் சொல்ல வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு உங்கள் அலுவலகத்தில் பந்தி போடும்போது, வளாகம் கூட்டுகிற அம்மாவுக்கு முதல் வரிசையில் இலை போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பந்தியில் நீங்களும் உட்காராதீர்கள். வீட்டில் சுட்டதைத்தான் கொண்டுபோங்கள், கடைப் பெட்டியை வாங்காதீர்கள். தூக்கு நிறைந்தே திரும்பினாலும் பரவாயில்லை, யார் கை வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று தெரியட்டும். 'தானே' என்று யாராவது கேட்டால், புதிதாக வந்த பிள்ளை மாட்டிக்கொள்ளும் முன் அனுபவப்பட்ட நீங்கள் பதில் சொல்லுங்கள். உங்களை ஒன்றும் செய்ய முடியாது, பணி நிரந்தரம் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்தத் துணிவு வராது, அது அதன் குற்றமும் இல்லை. தின்னுகிற சாப்பாட்டுக்காக வீடு மறுத்தாலோ, வேலையிடத்தில் தனியே உட்கார வைத்தாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் அடுப்படி எழுத்தில் ஏறவில்லை. கடைத்தெருவில் விற்கிற 'பாரம்பரியச் சமையல்' புத்தகங்களைப் புரட்டினால் செட்டிநாடு உண்டு, ஐயங்கார் உண்டு, கொங்கு உண்டு, நாஞ்சில் உண்டு. சேரி கிடையாது. மராத்தியில் ஷாகு பாடோலே என்ற எழுத்தாளர், மராத்வாடா தலித் வீடுகளின் சமையலை 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்ற பெயரில் 2015-இல் புத்தகமாக்கினார். அன்னம் முழுமையான பிரம்மம் என்று அவர்கள் சொல்லிவந்ததை, இது முழுமையில்லை, எங்கள் அன்னம் இதில் இல்லை என்று தலைப்பிலேயே திருப்பிப் போட்டார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. தமிழில் அப்படி ஒன்று நமக்கு வேண்டும். சொல்லத் தெரிந்த பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரத்தப்பொரியலுக்கு எப்போது வெங்காயம் போட வேண்டும், சுவரொட்டியை எப்படிச் சுட வேண்டும், உப்புக்கண்டத்துக்கு எத்தனை வெயில், முன்னோர் படையலில் கருவாடு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர்கள் கையோடு மண்ணுக்குள் போகிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த இதழுக்கு எழுதுங்கள். கவிதை வேண்டாம், கட்டுரை வேண்டாம். உங்கள் வீட்டில் பண்டிகைக்கு என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், யார் முதலில் தின்றார்கள், யார் கடைசியில் தின்றார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, அவர் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்தாமல் போடுகிறோம். அருந்ததியர் வீடு, பறையர் வீடு, பள்ளர் வீடு, புதிரை வண்ணார் வீடு என்று எல்லா அடுப்பும் இந்தப் பக்கங்களில் எரியட்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போடவில்லை. ஆனால் சட்டியில் இருந்ததை மறைக்காமல் எழுதுங்கள். நாம் எழுதி வைத்தால்தான், நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மாயியின் குழம்பைச் சொல்ல வாய் வரும்.

தோழமையுடன்,
ஆசிரியர்